ஓடைக்கு அந்தப் பக்கம்

பாண்டிமுருகனை அடித்தவர்கள், அடித்து முடித்ததும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கு அந்தப் பக்கம் போட்டார்கள்.

உப்போடை பெரிய ஓடை இல்லை. மழை பெய்தால் ஓரிரு நாள் தண்ணீர் ஓடும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் இந்தக் கரை விருதுநகர் மாவட்டம், அந்தக் கரை மதுரை மாவட்டம். அடிபட்டவன் அந்தக் கரையில் கிடந்தால் இந்தக் கரை ஸ்டேஷன் கேஸ் எழுதாது. அடித்த இடம் எங்களுடையது இல்லை என்று அந்தக் கரை ஸ்டேஷனும் எழுதாது. சீனிவாசகத்தின் ஆட்களுக்கு இது பழகிப்போன வழி. முன்பும் சிலரை அப்படி இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

காரியாபட்டிக்கு வடக்கே, மாவட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது உப்போடைப்பட்டி. கரிசல் பூமி. மிளகாயும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விதைப்பார்கள். ஓடைக்கரையை ஒட்டி மட்டும் செம்மண்ணும் சரளையும் கலந்து கிடக்கும். நான்குவழிச் சாலை வேலைக்கு அந்தக் கிராவல் வேண்டியிருந்தது. சீனிவாசகத்திடம் டிப்பர் லாரிகளும் ஜேசிபியும் இருந்தன. கோயில் கொடைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பவர், கல்யாணத்துக்கு வேன் அனுப்புபவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயரும் இருந்தது. கரையை வெட்டி எடுத்த லாரிகள் தார்ச்சாலைக்கு ஏற, பாண்டிமுருகனின் வயல் நடுவே போகும் வண்டிப்பாதைதான் குறுக்குவழி.

பகல் முழுக்கப் புழுதி. மிளகாய்ப் பூவில் புழுதி படிந்து பூ உதிர்ந்தது. பாண்டிமுருகன் நல்லமுறையில் போய்ச் சொன்னான். கேட்கவில்லை. மறுபடி போய்ச் சொன்னான். சீனிவாசகம் வீட்டில் இல்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். பிறகு அவன் மண்வெட்டியை எடுத்துப் பாதையின் குறுக்கே ஆளிறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினான்.

மறுநாள் காலை இரண்டு டிப்பர்கள் பள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றன. முதல் லாரியிலிருந்து நான்கைந்து பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. பாண்டிமுருகனின் மனைவி கற்பகவல்லி வயலின் மறுகோடியில் மிளகாய்ப் பழம் எடுக்கும் பெண்களோடு இருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது முதல் அடி விழுந்துவிட்டிருந்தது. தோளில் வாங்கிய பாண்டிமுருகன் மண்வெட்டியைத் தவறவிட்டு மண்டியிட்டிருந்தான். பழம் எடுத்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள். கற்பகவல்லி அவனைப் பார்த்து ஓடினாள்.

இரண்டு பேர் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து ஆளுக்கொரு கையை மிதித்துக்கொண்டார்கள். கடப்பாரை வைத்திருந்தவன் அவசரப்படவில்லை. வலது முழங்காலைக் குறிபார்த்து இறக்கினான். காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதன்பிறகே பாண்டிமுருகன் கத்தினான். கற்பகவல்லி அவன்மேல் விழுந்து மறைத்தாள். முடியைப் பிடித்து அவளைத் தூக்கினார்கள். பிடித்தவனின் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் அவன் ரத்தம் வந்தது. விடவில்லை. இன்னொருவன் அவள் இடது காதோடு சேர்த்து அறைந்தான். காதுக்குள் ஏதோ கிழிந்தது. வயிற்றில் ஒரு மிதி. அவள் மூச்சுக்குத் தவித்துக் கிடக்கையில் அதே முழங்காலில் கடப்பாரை மறுபடி மறுபடி இறங்கியதைப் பார்த்தாள்.

பிறகு அவனை ஓடைக்குள் இழுத்தார்கள். உடைந்த கால் தனியாகப் பின்னால் வந்தது. அந்தக் கரையில் கருவேலத்துக்கு அடியில் போட்டுவிட்டு, வந்த லாரியிலேயே ஏறிப் போனார்கள்.

இரண்டாவது லாரியின் டிரைவர் கீழே இறங்கவே இல்லை. அவன் பெயர் ஊர்க்காவலன். கிழக்குத் தெருவில் காலனிக்காரன். அவனுடைய அப்பா இதே வயலில் கூலிக்கு உழுதவர். இப்போது அந்தத் தெருவில் யாரும் வயல் வேலைக்கு வருவதில்லை. ஆண்கள் லாரியில், பெண்கள் பட்டாசுக் கம்பெனியில். ஊர்க்காவலனின் மனைவி சினேகாவும் விடியலில் வேன் ஏறி விருதுநகருக்குத் தெற்கே ஒரு கம்பெனியில் திரி செருகப் போகிறவள்.

முதல் லாரி கண்ணுக்கு மறைந்ததும் ஊர்க்காவலன் தன் லாரியை ஓடைக்குள் இறக்கி அந்தக் கரைக்கு ஓட்டிவந்தான். அவன் முகம் வேர்த்திருந்தது. புருசனின் பின்னாலேயே அங்கே வந்துவிட்டிருந்த கற்பகவல்லி, இவனும் அடிக்க வருகிறான் என்று அரிவாளைத் தேடினாள்.

"அக்கா, தலைப்பக்கம் பிடிங்க. நான் காலப் பிடிக்கேன்" என்றான்.

கிராவல் மேல் துண்டை விரித்து இருவருமாகத் தூக்கிப் போட்டார்கள். சுற்றுவழியில் காரியாபட்டி வரைக்கும் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினான். அங்கே கட்டுப் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றான். போகும்போது ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் கொண்டாந்தேன்னு யார்ட்டயும் சொல்லிராதீக. வீட்டுல கூட."

பாண்டிமுருகனுக்கு அப்போது நினைவில்லை. அவள் சரி என்றாள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள்.

மதுரையில் அவனுடைய வலது காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கற்பகவல்லிக்கு இடது காது போனது. இந்தக் கரை ஸ்டேஷனில் அந்தக் கரைக்குப் போகச் சொன்னார்கள். அந்தக் கரையில் இந்தக் கரைக்கு அனுப்பினார்கள். அவள் இரண்டு கரைக்கும் மாறி மாறி நடந்தாள். அதற்கிடையில் ஒருநாள் சீனிவாசகமே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை. கட்டில் பக்கத்தில் நின்று, கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த போர்வையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓடையில வழுக்கி விழுந்துட்டதாக் கேள்விப்பட்டேன். உடம்பப் பாத்துக்கிடுங்க. பாதைய நாங்க பாத்துக்கிடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாண்டிமுருகன் ஊன்றுகட்டையோடு வீடு திரும்பியபோது பள்ளம் மூடப்பட்டிருந்தது. லாரிகள் பாதையில் மட்டும் போகவில்லை. எதிர்வண்டிக்கு ஒதுங்குகிற சாக்கில் இரண்டு பக்கமும் மிளகாய்ச் செடிமேல் ஏறிப் போயின.

பாண்டிமுருகனுக்கு ஒரு தம்பி, விக்னேஷ்குமார். அப்பா செத்தபோது கைப்பிள்ளை. அண்ணன்தான் தூக்கி வளர்த்துப் படிக்கவைத்தான். விக்னேஷ் இப்போது சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தான். சனிக்கிழமை ஊருக்கு வருவான். அண்ணன் வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவன் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவர்களுடைய அம்மா சண்முகத்தாய் சோற்றை வைத்துவிட்டு அவன் எதிரிலேயே நின்றாள்.

"ஒன் அண்ணன் கால எடுத்தவன் ஒன் வயலு வழியாத்தான் போறான் வாரான். நீ பெட்டி தூக்கி அடுக்கிட்டுத் திரி."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் இதைச் சொன்னாள். பாண்டிமுருகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அம்மாவை வாயை மூடச் சொல்லும் தெம்பு அவனிடம் இல்லை. கற்பகவல்லி ஒன்றிரண்டு முறை விக்னேஷைத் தனியாகக் கூப்பிட்டு, எதுவும் செய்துவைக்காதே, வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன் என்றாள். அவன் தலையாட்டினான். அவன் சட்டையில் வெடிமருந்து வாடை அடித்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் சட்டையில் அந்த வாடை அடிப்பது அதிசயமில்லை என்பதால் அவள் யோசிக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நடுப்பகல். லாரிக்குத் தப்பிய செடிகளில் கற்பகவல்லி பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் பெரும்பாலும் சீனிவாசகத்தின் ஜீப் முன்னால் வரும், லாரிகள் பின்னால் வரும். அன்றைக்கு ஜீப் வரவில்லை. ஒரு டிப்பர் மட்டும் ஓடைக்குள்ளிருந்து முழு லோடோடு முக்கிக்கொண்டு மேடேறியது. கிணற்றுப் பக்கத்துக் கருவேலம்புதரிலிருந்து ஒருவன் எழுந்து எதையோ வீசினான்.

வெடித்ததை அவள் காதால் கேட்டதைவிட நெஞ்சில் உணர்ந்தாள். லாரியின் முன்கண்ணாடி முழுசும் உள்நோக்கிப் போனது. கேபினுக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம், உடனே கறுப்புப் புகை. லாரி நிற்கவில்லை. ஆளில்லாத வண்டி மாதிரி வயலுக்குள் திரும்பி, மக்காச்சோளத் தட்டைகளை மடக்கிக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரில் மோதி நின்றது. கேபின் எரிய ஆரம்பித்தது. கதவு பிய்ந்து தொங்கியது.

கற்பகவல்லி முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு படியில் ஏறினாள். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தவனின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள். அவள் கைக்குத் தோல் கழன்று வந்தது. மறுபடி பிடித்து இழுத்து அவனோடு கீழே விழுந்தாள். புரட்டிப் பார்த்தபோதுதான் ஊர்க்காவலன் என்று தெரிந்தது. தெரிவதற்கு முகத்தில் ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது. வயிற்றில் கண்ணாடி ஏறியிருந்தது.

நிமிர்ந்தாள். விக்னேஷ் எதிரில் நின்றான். வலது கையில் இன்னொரு உருண்டை இருந்தது, சணல் சுற்றியது. அவன் கூட வந்தவர்கள் ஓடிவிட்டிருந்தார்கள். அவனும் ஊர்க்காவலனும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே டீமில் கிரிக்கெட் ஆடியவர்கள்.

"சீனிவாசகம் வண்டின்னுதான் எறிஞ்சேன் மதினி. ஓட்டுறது யாருன்னு பாக்கல" என்றான். உருண்டையை இடது கைக்கு மாற்றப் போனான்.

"அதக் கீள போட்ராத. மெல்ல நட. கெணத்துத் தண்ணியில போடு."

அவன் அசையவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் அதையே மறுபடி சொன்னாள். அவன் நடந்துபோய்க் கிணற்றுக்குள் குனிந்து விட்டான். தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "நீங்க எதையும் பாக்கல மதினி" என்றான். பிறகு ஓடைக்குள் இறங்கி அந்தக் கரைக்கு ஓடினான்.

ஊர்க்காவலன் கண்ணைத் திறந்தான். பார்வை எதிலும் நிற்கவில்லை.

"கம்பெனியில வெடிச்சிருச்சா?" என்று கேட்டான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் மறுபடி கேட்டான். "எந்த ரூமு? சினேகா வெளிய வந்துட்டாளா?"

"வந்துட்டா" என்றாள் கற்பகவல்லி. "வெளியதான் நிக்கா. ஒண்ணும் ஆகல அவளுக்கு."

"வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றான். அதன்பிறகு பேசவில்லை. ஆம்புலன்ஸ் வருமுன் அவள் மடியிலேயே உயிர் போனது.

விக்னேஷ்தான் என்று ஊருக்குத் தெரிய நேரமாகவில்லை. பொழுது சாயும்போது சீனிவாசகத்தின் ஆட்கள் இரண்டு வேன்களில் வந்தார்கள். செத்துப்போன டிரைவருக்காக வந்ததாகக் கத்திக்கொண்டு வந்தார்கள். வாசல் கதவைக் கோடாலியால் பிளந்தார்கள். விக்னேஷ் இல்லை. கட்டிலோடு பாண்டிமுருகனைத் தூக்கித் தெருவில் கவிழ்த்தார்கள். அவன் ஊன்றுகட்டையாலேயே அவன் முதுகில் அடித்தார்கள், கட்டை முறிகிறவரை. சண்முகத்தாய் குறுக்கே விழுந்தாள். அவளைச் சுவரில் தள்ளினார்கள். நெற்றி பிளந்தது.

கற்பகவல்லி அடுப்படியிலிருந்து அரிவாளோடு வந்தாள். புருசன் மேல் ஓங்கிய கையைத்தான் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வெட்டினாள். எலும்பில் இறங்கிய அரிவாளை உருவுவதற்குள் ஒருவன் அவளைச் சுவரோடு சேர்த்துக் கழுத்தை நெரித்தான். கண் இருட்டியது.

அவளைக் காப்பாற்றியது மிளகாய்தான். அவர்களில் ஒருவன் களத்தில் காய்ந்துகொண்டிருந்த வற்றல் குவியலில் டீசலை ஊற்றித் தீ வைத்திருந்தான். காற்று தெருப்பக்கம் திரும்பியது. நெடி வந்து அடித்ததும் கழுத்தை நெரித்தவன் கையை விட்டுவிட்டு இருமினான். கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் நெருப்பு இறங்கியது. வெட்ட வந்தவர்களும் வெட்டுப்பட்டவனும் வேடிக்கை பார்த்தவர்களும் ஒன்றாக இருமிக்கொண்டு திசை தெரியாமல் ஓடினார்கள். வேன்கள் தடுமாறிக் கிளம்பின. கற்பகவல்லி நனைந்த சாக்கைப் புருசன் முகத்தில் போட்டு, அவனை இழுத்துக்கொண்டு போய்த் தொழுவத்துக்குப் பின்னால் படுத்தாள். போலீஸ் வேன் வந்தபோது ஊரில் யாராலும் பேச முடியவில்லை.

மறுநாள் காலையில் ஊரில் முன்பு தலைவராக இருந்த லட்சுமிகாந்தம் பேச்சுவார்த்தைக்கு வந்தார். சீனிவாசகத்திடமிருந்துதான் வருகிறார் என்பதை மறைக்கவில்லை. லாரியின் டீசல் டேங்க் வெடித்து விபத்து என்று சீனிவாசகம் சொல்லிவிடுவார். விக்னேஷ் பெயர் வராது. பதிலுக்கு இவர்கள் கால் விஷயத்தையும் நேற்று நடந்ததையும் விட்டுவிட வேண்டும். லாரி இனி இந்த வயல் வழியாக வராது. குண்டு கிண்டு என்று கேஸ் ஆனால் கிராவல் எங்கே எடுத்தது, யார் அனுமதி என்று தோண்டுவார்கள், அது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை என்றார்.

சண்முகத்தாய் கட்டுப் போட்ட தலையோடு கையெடுத்துக் கும்பிட்டாள். பாண்டிமுருகன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தான்.

"சினேகாட்ட யாரு கேட்டீக?" என்றாள் கற்பகவல்லி.

அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வார்கள் என்றார் லட்சுமிகாந்தம். அவள் கேட்டது அதுவல்ல என்பது அவருக்குப் புரிந்தது. எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் அவள் புருசனிடம் சொன்னாள். அந்தக் கரையில் கிடந்தவனை எடுத்துக்கொண்டு காரியாபட்டிக்கு ஓட்டியது யார் என்று சொன்னாள். பாண்டிமுருகன் போர்வையை இழுத்துக் கால் இருந்த இடத்தை மூடிக்கொண்டான்.

"முன்னாலயே சொல்லிருந்தா விக்னேசு அந்த வண்டியத் தொட்டிருக்க மாட்டான்" என்றான்.

"ஆமா" என்றாள். "அதத்தான் நானும் நேத்திலருந்து நினைக்கேன்."

"அவன் என் தம்பி, கற்பகம். நான் தூக்கி வளத்த பிள்ள."

"நான் சோறு போட்ட பிள்ளையுந்தான். அதுக்காக ஒருத்தன எரிச்சிட்டு டீசலு வெடிச்சதுன்னு சொல்லணுமா? அப்ப ஒங்க கால எடுத்ததும் வழுக்கி விழுந்ததுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவளைச் சண்முகத்தாய் கூட்டுமாறோடு மறித்தாள். அடித்தாள். கூட்டுமாறு பிய்ந்ததும் கையால் அடித்தாள். வயதான கையில் அத்தனை பலம் இருக்கும் என்று கற்பகவல்லி நினைக்கவில்லை. தடுக்காமல் நின்றாள். மாமியார் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்த பிறகு, தன் மேலத்தெருவைத் தாண்டிக் கிழக்குத் தெருவை நோக்கி நடந்தாள்.

உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. சினேகா பெண்களுக்கு நடுவே அழாமல் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. விரலிடுக்கில் அலுமினியப் பொடி மினுங்கியது. மேலத்தெருக்காரி உள்ளே வந்ததைப் பார்த்துத் தெரு எழுந்து நின்றது. கற்பகவல்லி யாரையும் பார்க்காமல் சினேகாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"டீசல் டேங்கு இல்ல. என் கொழுந்தன் விக்னேசு வெடி போட்டான். என் கண்ணால பாத்தேன்."

சினேகா ஓங்கி அறைந்தாள். கேட்கிற காதுப் பக்கம். பிறகு இரண்டு கையாலும் கற்பகவல்லியின் தலையிலும் தோளிலும் அடித்தாள், நகத்தால் முகத்தைக் கீறினாள். பெண்கள் பிடித்து விலக்கினார்கள். மூச்சு தணிந்ததும், "எதுவும் பேசினாரா?" என்று கேட்டாள்.

கற்பகவல்லி அவன் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னாள். வீட்டுக்குப் போகச் சொன்னதையும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் சினேகா அழுதாள்.

வாசலில் இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். மேலத்தெருவைக் கொளுத்த வேண்டும் என்றான் ஒருவன். இன்னொருவன் அதற்குள் பெட்ரோல் கேனோடு வந்தான். சினேகா எழுந்து வெளியே வந்து கேனை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"எரிஞ்சது போதும். எல்லாரும் ஸ்டேசனுக்கு வாங்க. இந்த அக்கா சொல்லட்டும். எழுதுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள்.

கிழக்குத் தெரு முழுக்க ஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கம்போல லாரி எந்தக் கரையில் நின்றது என்றுதான் ஆரம்பித்தார்.

"எங்க வயல்ல, எங்க கெணத்து மேல" என்றாள் கற்பகவல்லி. "கெணத்துக்குள்ள இன்னொண்ணு கெடக்கு. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து நிபுணர்கள் வந்து மணல் வாளியில் வைத்துத் தூக்கினார்கள். அதன்பிறகு டீசல் கதையை யாரும் சொல்ல முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி அவள் கடப்பாரையால் அடித்ததையும் சொன்னாள். பாண்டிமுருகனின் கையை யார் மிதித்தது, கடப்பாரையை யார் இறக்கியது என்று ஊர்க்காவலன் தன்னிடம் சொல்லியிருந்ததைச் சினேகா சொன்னாள். கூட்டம் கலையாததால் ராத்திரிக்குள் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். தான் அரிவாளால் வெட்டியதையும் கற்பகவல்லி சொன்னாள். அதையும் எழுதினார்கள். அவள்மேலும் ஒரு கேஸ் ஆனது.

விக்னேஷைத் திருமங்கலத்தில் நண்பன் வீட்டில் பிடித்தார்கள். தப்பிக்க முயலவில்லை என்றார்கள். சீனிவாசகத்தையும் அவருடைய ஆட்களையும் பிடித்தார்கள். அவர் கொஞ்ச நாளிலேயே ஜாமீனில் வந்துவிட்டார். ஆனால் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து ஓடைக்கரையை அளந்தார்கள். லாரிகள் நின்றன. சண்முகத்தாய் துணிமணியைக் கட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றில் மகள் வீட்டுக்குப் போனாள். கொழுந்தனைக் காட்டிக்கொடுத்தவள் என்று மேலத்தெருவில் கற்பகவல்லிக்குத் தண்ணீர்க் குழாயடியில் இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் விக்னேஷின் கூட்டாளி ஒருவன் எறிந்த கல் அவள் உச்சியில் பட்டு ரத்தம் வழிந்தது. அவள் முந்தானையால் அழுத்திக்கொண்டு பஸ் ஏறி வக்கீலைப் பார்க்கப் போனாள்.

பாண்டிமுருகன் அவளோடு பேசவில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுவான். கட்டையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். அவ்வளவுதான். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவனாகவே ஏறினான், யார் கையையும் பிடிக்கவில்லை. சீனிவாசகத்தின் வக்கீல், நீங்கள் குடித்துவிட்டு ஓடையில் விழுந்தீர்கள்தானே என்று கேட்டார். பாண்டிமுருகன் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்ற கேள்வி வந்தபோது, "என் தம்பி கொன்னானே, அவன்தான்" என்றான். பின்வரிசையில் சினேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. விக்னேஷின் வழக்கு முந்தி முடிந்து, ஆயுள் தண்டனை ஆனது. அவன் எதையும் மறுக்கவில்லை.

தண்டனை ஆன வருஷத்துத் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் பாண்டிமுருகன் சட்டையை மாட்டிக்கொண்டு, மதுரைக்குப் போகிறேன், நீயும் வா என்றான். அந்த ஆண்டில் அவன் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். ஜெயிலில் கம்பிக்கு அப்பால் விக்னேஷ் வந்து நின்றான். மெலிந்திருந்தான். அண்ணனைப் பார்க்க முடியாமல் மதினியைப் பார்த்தான்.

"வயல்ல என்ன போட்ருக்கீக?"

"மக்காச்சோளம்" என்றாள். "கெணத்தடியில மட்டும் எதுவும் போடல."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு தீபாவளியைப் பற்றிச் சொன்னான். வெளியே ஊர் முழுக்க வெடித்தபோது, தான் பிளாக் மூலையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்ததையும், சிவகாசிக்காரன் வெடிக்குப் பயப்படுகிறான் என்று மற்றவர்கள் சிரித்ததையும் சொன்னான்.

"சினேகா எப்பிடி இருக்கா?" என்று கேட்டான்.

"கம்பெனிக்குப் போறதில்ல. திருப்பூருல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. பனியன் கம்பெனியில இருக்கா. அங்கன வெடி இல்லன்னு போனா."

விக்னேஷ் தலையசைத்தான். பாண்டிமுருகன் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி கம்பிமேல் இருந்த தம்பியின் விரல்களைத் தொட்டான். நேரமாகிவிட்டது என்று காவலர் சொன்னார்.

திரும்புவதற்கு முன் கற்பகவல்லி கம்பிக்கு அருகில் போனாள்.

"தீபாவளிக்கு நானும் காதப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன், தம்பி" என்றாள். "கேக்காத காதையும் சேத்து."